எந்தத் தோட்டத்து எறும்பு?

மலேசியா, பெஸ்தாரி ஜெயாவிலும் சுற்றுத் தோட்டங்களிலும் அம்பர் சேகரிக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

சென்ற மாதம் கோயில் மண்டபத்தில் நீங்கள் வைத்த கண்காட்சிக்கு இரண்டு நாளும் வந்திருந்தேன். வெள்ளைத் துணி விரித்த மேசை, விளக்கு, உருப்பெருக்கிக் கண்ணாடி, பழங்கால மரப்பிசின் மண்ணுக்குள் கிடந்து இறுகிய அம்பர், நாற்பதுக்கும் அதிகமான துண்டுகள். செம்பனைக்கும் ஈயக் குட்டைகளுக்கும் நடுவே கிடக்கும் நம் ஊரில் இப்படி ஒரு காட்சி நடக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்தார்கள். அவர்களில் ஒரு சிறுமி, மூன்றாம் ஆண்டோ நான்காம் ஆண்டோ இருக்கும், ஒரு துண்டின் முன் நின்றவள் நகரவே இல்லை. உள்ளே ஓர் எறும்பு. உணர்கொம்பு முதல் கால் நுனி வரை ஒன்றும் குறையாமல் இருந்தது. அவள் நிமிர்ந்து, "இது எந்த ஊர் எறும்பு?" என்று கேட்டாள்.

சீட்டில் "எறும்பு, 99 மில்லியன் ஆண்டு" என்று எழுதியிருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த தம்பி "பர்மா" என்றார். அவருக்குப் பக்கத்தில் நின்றவர் "இல்லை, சுமத்ராவிலிருந்து வந்த பொட்டலத்தில் இருந்தது" என்றார். மூன்றாமவர் "இணையத்தில் வாங்கியது, அவ்வளவுதான் தெரியும்" என்றார். சிறுமி அடுத்த துண்டுக்குப் போய்விட்டாள். அவள் கேட்ட கேள்வி என்னோடு வீடு வரை வந்தது. அதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

நம்மவர்கள் இருவர் பஸ் நிலையத்தில் சந்தித்தால், பெயரைக் கேட்பதற்கு முன் "எந்தத் தோட்டம்?" என்று கேட்போம். தோட்டத்தின் பெயர் தெரிந்துவிட்டால் போதும். எந்த லயத்து வரிசை வீடு, யார் கங்காணி, எந்தக் கோயில் திருவிழா என்று மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். அந்தப் பிள்ளை எறும்பிடம் கேட்டதும் இதுதான். அம்பரை ஆராய்கிறவர்கள் முதலில் கேட்பதும் இதுதான்.

காரணத்தைச் சொல்கிறேன். அம்பரை எடுத்து நேரடியாக வயது பார்க்க முடியாது. அது கிடந்த பாறைதான் அதற்கு வயதைத் தருகிறது. பர்மாவின் காச்சின் மாநிலத்தில், ஹுக்காவுங் பள்ளத்தாக்கில் கிடைக்கும் அம்பருக்கு ஏறத்தாழ 99 மில்லியன் ஆண்டு என்று நாம் சொல்வது, அதைச் சுற்றியிருந்த படிவத்தில் எரிமலைச் சாம்பலோடு வந்த சிர்க்கான் படிகங்களை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட கணக்கு. அந்த எறும்பு காச்சினைச் சேர்ந்தது என்றால், அது டைனோசர்கள் நடமாடிய காட்டில் ஊர்ந்தது. அக்காலத்து எறும்புகளில் சில, அரிவாள் போல மேல்நோக்கி வளைந்த தாடை கொண்டவை; அந்தக் கிளையில் ஒன்றுகூட இன்று உயிரோடு இல்லை. சுமத்ராவின் நிலக்கரிச் சுரங்கத்து எறும்பு என்றால், டைனோசர்கள் அழிந்து பல கோடி ஆண்டுகள் கழித்து வந்த எறும்பு அது. அப்போது சீட்டில் எழுதிய 99 மில்லியன் பொய். ஊர் தெரியாதவரை இரண்டில் எது உண்மை என்று யாராலும் சொல்ல முடியாது.

நான் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவனாக, இருந்து ஓய்வு பெற்றவன். இன்றும் உங்களில் பலர் என்னைக் "கிராணி ஐயா" என்றே கூப்பிடுகிறீர்கள். ஒரு வரி எழுதி வைப்பதன் அருமை எனக்குத் தெரியும் என்று சொல்ல அந்த வேலை ஒன்றே போதும். பிரட்டுக் களத்தில் விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு, செக்குரோல் என்ற ஆள் பதிவேட்டில் எழுதி, மர நிரை பிரித்துக் கொடுத்து, மாலையில் ரப்பர் பால் எடை நிறுத்து எழுதிய கை இது. தோட்டங்கள் கைமாறியபோது, துண்டாடப்பட்டபோது, வீடமைப்புக்காக மரங்கள் சாய்க்கப்பட்டபோது, அந்தப் புத்தகங்கள் மூட்டை மூட்டையாகக் குப்பைக்குப் போனதையும் பார்த்தேன். சிலவற்றை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தேன்.

பல ஆண்டுகள் கழித்து ஓர் அம்மா என்னைத் தேடி வந்தார். அறுபதைக் கடந்தவர். லயத்து வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் இல்லை. குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை இல்லை. பிறந்த தோட்டத்தின் பெயரைச் சொன்னார். அந்த இடத்தில் இப்போது வேறு பெயரில் வீட்டு வரிசைகள் நிற்கின்றன. மூன்று நாள் தேடினேன். ஒரு செக்குரோலில் அவருடைய தாயின் பெயருக்கு எதிரே, பேறுகாலப் பணம் கொடுத்ததாக ஒரு வரி, தேதியோடு இருந்தது. எனக்கு முன்னால் இருந்த கிராணி எழுதிய வரி. அந்த ஒரு வரியை வைத்துத்தான் சத்தியப் பிரமாணம் எழுதினோம். இந்த மண்ணில் பிறந்தவர் என்று சொல்ல அவருக்கு வேறு சாட்சி இருக்கவில்லை.

நம் ஊரின் பெயரே 2007இல் மாறியது. பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் எங்கள் காலத்துக் கடிதங்களெல்லாம் வந்தன. நாற்பது ஆண்டிலேயே ஒரு தோட்டத்தின் பெயர் அழியும் என்றால், மில்லியன் கணக்கில் ஆண்டுகளைத் தாண்டி வந்த ஒன்றுக்கு நாம் காவல் இருக்கும்போது எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்?

இனி என் தவறைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருக்கும் முதல் துண்டு சரவாக்கிலிருந்து வந்தது. என் மைத்துனர் அங்கே கனரக வாகனம் ஓட்டிக்கொண்டிருந்தார். மெரிட் பிலா நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்தது என்று ஒரு தீபாவளிக்குக் கொண்டுவந்து கொடுத்தார். சோப்புக்கட்டி அளவில், வெளியே கறுத்து, உடைந்த பக்கம் மட்டும் தேன் நிறமாக இருந்தது. அந்தச் சுரங்கம் சாதாரண இடம் அல்ல. 1991இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டீட்டர் ஷ்லே அங்கேதான் மாபெரும் அம்பர்ப் பாளத்தைக் கண்டார். அதன் எடை சுமார் 68 கிலோ என்று மதிப்பிட்டார்கள். அதன் பெரிய துண்டுகள் ஸ்டுட்கார்ட்டுக்குப் போய்விட்டன. அந்த மண்ணிலிருந்து ஒரு துண்டு என் கைக்கு வந்தது. அதை நான் அலமாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மறந்துபோனேன். எந்தக் குழி, எந்த ஆழம், நிலக்கரிக்கு உள்ளேயா மேலே இருந்த களிமண்ணிலா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆயிரம் பேருக்குச் செக்குரோல் எழுதியவன் இதற்கு ஒரு சீட்டு எழுதவில்லை. இப்போது மைத்துனர் இல்லை. அந்தக் கேள்விகளுக்கு இனிப் பதிலும் இல்லை.

அந்தத் துண்டுக்குள் ஒரு கொசுத்தேனீ இருக்கிறது. மலாய்க்காரர்கள் கெலுலுட் என்று சொல்லும் கொட்டாத தேனீ இனம். கூடு கட்ட மரப்பிசினைத் தேடிப் போகிற பூச்சி அது. போன இடத்திலேயே சிக்கிக்கொண்டிருக்கிறது. அதன் பக்கத்தில் பட்டைத் துணுக்கு ஒன்றும் ஒரு நூலிழை போன்ற இலை நரம்பும் உள்ளன. டார்ச் விளக்கைப் பின்னால் பிடித்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மங்குக் கிண்ணத்தில் வடியும் ரப்பர் பால்தான் நினைவுக்கு வரும். நாமெல்லாம் பிள்ளைகளாக இருந்தபோது ஒட்டுப்பால் பிடுங்கியவர்கள். காய்ந்த பாலுக்குள் கறுப்புக் கறுப்பாக எறும்பும் கொசுவும் ஒட்டியிருக்குமே, அதைப் பார்க்காத தோட்டத்துப் பிள்ளை உண்டா? அடுத்த கண்காட்சியில் பிள்ளைகளுக்கு அதைக் காட்டித்தான் விளக்க வேண்டும். கூடவே ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பலகையில் தவறாக எழுதியிருந்தது. ரப்பர் பால் அம்பர் ஆகாது. பால் வேறு, பிசின் வேறு. பிசினில் இருக்கும் வாசனை எண்ணெய்கள் ஆவியாகிப் போக, மிஞ்சியவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகி, மண்ணுக்குள் மில்லியன் கணக்கான ஆண்டுகள் கிடந்தால்தான் அம்பர்.

சரவாக் அம்பர் வடிந்த மரக்குடும்பம் நமக்கு அந்நியமானது அல்ல. டிப்டெரோகார்ப் என்பார்கள். மெரந்திப் பலகை அந்தக் குடும்பம். கடையில் வாங்கிப் புகை போடுகிறோமே, குங்கிலியம், அதைத் தருவதும் அந்தக் குடும்பம்தான். மலாயில் டாமார். குஜராத்தில் சூரத் பக்கம் வஸ்தான் என்ற பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில், 50 மில்லியன் ஆண்டுகளுக்கும் மேல் பழமையான அம்பரில் எழுநூறுக்கும் அதிகமான பூச்சிகளையும் சிலந்திகளையும் கண்டெடுத்து 2010இல் வெளியிட்டார்கள். அந்தப் பிசினும் டிப்டெரோகார்ப் மரத்தினுடையதுதான். இந்தக் குடும்பம் இந்திய நிலத்தட்டோடு வந்து, பிறகு கிழக்கே நம் பக்கம் பரவியது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய என் பாட்டனுக்குப் பல கோடி ஆண்டு முன்னால் ஒரு மரம் அதே திசையில் வந்திருக்கிறது. இப்படி ஒரு கதையைச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், வஸ்தானில் எடுத்த ஒவ்வொரு துண்டுக்கும் வஸ்தான் என்று எழுதி வைத்திருந்ததுதான்.

இதில் கைவேலை சார்ந்த ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. உங்களில் சிலர் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை ஒரு சொட்டு விட்டு, ஒட்டினால் கோபால் (இன்னும் அம்பராக முதிராத இளம் பிசின்), ஒட்டாவிட்டால் அம்பர் என்று தீர்ப்புச் சொல்வதைப் பார்த்தேன். ஐரோப்பாவின் பால்டிக் கடற்கரை அம்பரை வைத்துப் பழகியவர்களின் சோதனை அது. டிப்டெரோகார்ப் அம்பருக்கு அதை நம்பாதீர்கள். அது கரைப்பான்களுக்கு எளிதில் இளகக்கூடியது. வஸ்தான் அம்பரை முழுவதுமாகக் கரைத்தே உள்ளிருந்த பூச்சியை வெளியே எடுத்திருக்கிறார்கள். நல்ல சரவாக் துண்டைப் போலி என்று எறிந்துவிடுவீர்கள். அல்லது மேற்பரப்பைக் கெடுத்துவிடுவீர்கள். உப்புநீர்ச் சோதனை பரவாயில்லை. உப்பு இனிக் கரையாது என்கிற அளவுக்குக் கரைத்த நீரில் அம்பர் மிதக்கும், பல பிளாஸ்டிக் வகைகள் மூழ்கும். ஆனால் கோபாலும் மிதக்கும், சில பிளாஸ்டிக்கும் மிதக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் "சந்தேகம்" என்றே எழுதி வையுங்கள். அது கௌரவக் குறைவு அல்ல. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பல பத்தாண்டுகளாகப் பால்டிக் அம்பர் ஈ என்று மதிக்கப்பட்ட ஒன்று, அம்பரைப் பிளந்து குடைந்து இக்காலத்து ஈயை உள்ளே வைத்து ஒட்டியது என்று 1993இல் தெரிந்தது. பெரிய பெரிய அறிஞர்கள் பார்த்த ஈ அது.

இப்போது மனத்தில் கனக்கும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மேசையில் இருந்தவற்றில் பாதிக்கு மேல் பர்மா அம்பர் என்று நினைக்கிறேன். 2017இல் அந்த நாட்டு ராணுவம் காச்சின் அம்பர்ச் சுரங்கப் பகுதியைக் கைப்பற்றியது. மக்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள். ஒல்லியான ஆள் மட்டுமே இறங்கக்கூடிய குறுகலான செங்குத்துக் குழிகளில் இறங்கித் தோண்டுகிறார்கள் என்று செய்திகள் வந்தன. 2020இல் முதுகெலும்பித் தொல்லுயிரியல் சங்கம் உலகத்து ஆய்விதழ்களுக்குக் கடிதம் எழுதி, 2017க்குப் பிறகு அங்கிருந்து வந்த அம்பரை வைத்து எழுதும் ஆய்வுகளை வெளியிடாமல் நிறுத்தி வைக்கக் கேட்டது. எல்லா ஆய்வாளர்களும் அதற்கு உடன்படவில்லை. அங்கே தோண்டிப் பிழைக்கும் ஏழைகளின் சோற்றில் மண் விழும் என்றும், அறிவுக்கு அரியவை நகைக்கடைக்குப் போய்விடும் என்றும் சொன்னார்கள். அந்த வாதத்தையும் நான் மதிக்கிறேன். ஆனாலும் என் முடிவு ஒன்றுதான்: 2017க்குப் பிறகு தோண்டியதை நான் வாங்கமாட்டேன், நீங்களும் வாங்க வேண்டாம்.

இதை நான் எளிதாகச் சொல்லவில்லை. நம் பக்கத்தில்தான் பத்து ஆராங் என்ற ஊர் இருக்கிறது. 1915 முதல் 1960 வரை அங்கே நிலக்கரி தோண்டினார்கள். 1937இல் அங்கே நடந்த வேலைநிறுத்தம் பிரிட்டிஷ் அரசையே கலங்க வைத்தது. என் தாய்வழித் தாத்தா அந்தச் சுரங்கத்தில் இறங்கியவர். இருமலோடு வீடு திரும்பி, இருமலோடே போய்ச் சேர்ந்தார். மண்ணுக்கடியில் இறங்கியவனின் வீட்டில் வளர்ந்தவர்கள் நாம். விலை மலிவாகக் கிடைக்கிறது என்று எந்தக் குழியிலிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்க என் மனம் ஒப்பவில்லை.

ஏற்கெனவே வாங்கியவற்றைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. எப்போது வாங்கினீர்கள், யாரிடம், விற்றவர் அதை எப்போது பெற்றார் என்று தெரிந்தவரை எழுதுங்கள். அந்தத் தேதி எதற்கு உதவும் என்று கேட்பீர்கள். 2020 மார்ச்சில் காச்சின் அம்பரில் இருந்த ஒரு சின்னஞ்சிறு மண்டையோட்டை உலகின் மிகச் சிறிய டைனோசர் காலத்துப் பறவை என்று பெரிய ஆய்விதழ் ஒன்று வெளியிட்டது. நான்கு மாதத்தில் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதே வகையைச் சேர்ந்த இன்னொரு துண்டு, உடலின் பகுதியோடு கிடைத்து, அது பல்லி இனம் என்று காட்டியது. அந்த இரண்டாவது துண்டை 2021இல் வெளியிட்டபோது, அது எப்படி, எந்த வழியில் பெறப்பட்டது என்பதையும் ஆய்வாளர்கள் சொல்லியிருந்தார்கள். அந்தப் பகுதியில் வாழும் நாகா மக்களின் பெயரையே அந்தப் பல்லிக்கு வைத்தார்கள். ஊர் மக்களின் பெயரை உயிரின் பெயராக்கிய அந்தச் செயல் எனக்கு மிகவும் பிடித்தது.

இன்னொரு வருத்தம் உண்டு. தேள், பல்லி, சிலந்தி என்றால் நூற்றுக்கணக்கில் வெள்ளி (ரிங்கிட்) கொடுக்கிறீர்கள். இலை, பாசி, மொட்டு, மகரந்தம் இருந்தால் "குப்பை விழுந்த துண்டு" என்று சொல்லி, அரைத்துப் பளபளப்பாக்கிப் பதக்கமாக்கிவிடுகிறீர்கள். கண்காட்சியில் ஒரு பதக்கத்தின் ஓரத்தில் பாதிப் பூ தெரிந்தது. மறுபாதி அரைக்கும் கல்லில் போயிருக்கும். பூச்சி எங்கே வாழ்ந்தது, காடு ஈரமானதா வறண்டதா, அங்கே என்ன மரம் பூத்தது என்பதையெல்லாம் அந்தக் "குப்பை"தான் சொல்லும். 2015இல் காச்சினின் மிச்சினா நகரச் சந்தையில் ஓர் ஆய்வாளர் ஒரு துண்டைக் கண்டார். விற்றவர் உள்ளே இருப்பது செடி என்று நினைத்திருந்தார். நகைக்காக ஏற்கெனவே கொஞ்சம் அரைத்தும் விட்டிருந்தார்கள். அது இறகுகளோடு கூடிய டைனோசர் வால். 2016 டிசம்பரில் உலகமே அதைப் பேசியது. அரைத்துப்போன பகுதியில் என்ன இருந்ததோ! ஆகவே வாங்கிய நிலையிலேயே படம் எடுங்கள். துளை போடாதீர்கள். அரைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், எந்தப் பக்கம் எவ்வளவு என்று குறித்துவிட்டு அரையுங்கள்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. தகரக் கூரை வீட்டு வெப்பமும் சன்னலோர வெயிலும் அம்பரை வெடிக்கவும் கறுக்கவும் வைக்கும். புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிர்வது அழகுதான். சில நொடி பார்த்துவிட்டு அணைத்துவிடுங்கள். மண்டபத்தில் பிள்ளைகளுக்காக நாள் முழுக்க எரிந்துகொண்டிருந்தது. மூடிய பெட்டி, இருட்டு அலமாரி போதும்.

அடுத்த கூட்டத்துக்கு நான் ஒரு புத்தகம் கொண்டு வருகிறேன். பழைய தோட்ட அலுவலகத்திலிருந்து எடுத்து வந்த, எழுதாத செக்குரோல் புத்தகம்; தடித்த அட்டை, நல்ல தாள். கோடு போட்டு வைத்திருக்கிறேன்: எண், கிடைத்த ஊர், சுரங்கம், எடுத்த ஆண்டு, யாரிடமிருந்து, வாங்கிய தேதி, உள்ளே இருப்பது, நாம் செய்த வேலை. ஆளுக்கு ஒரு பக்கம். தெரியாத இடத்தில் ஊகித்து எழுத வேண்டாம், கோடு போட்டுவிடுங்கள். அந்த எறும்புத் துண்டை வைத்திருக்கும் தம்பி அதை விற்றவரிடம் இன்னொரு முறை விசாரித்துவிட்டு வந்தால் நன்றாக இருக்கும். அந்தப் பிள்ளை எந்தப் பள்ளி என்று எனக்குத் தெரியும். பதில் கிடைத்தால் நானே போய்ச் சொல்கிறேன்.

முதல் பக்கத்தில் என் துண்டை எழுதிவிட்டேன். எண் 1. சரவாக், மெரிட் பிலா. மைத்துனர் கொடுத்தது. கொசுத்தேனீ ஒன்று, பட்டைத் துணுக்கு, இலை நரம்பு. எந்தக் குழி என்ற கட்டத்தில், "கேட்கவில்லை" என்று எழுதியிருக்கிறேன்.

இங்ஙனம்,
உங்கள் கிராணி ஐயா,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்